கம்பாலாவில் முதல் ஞாயிறு

உகாண்டாவில் வந்து இறங்கியதிலிருந்து ஒவ்வொன்றாகத் திகைக்க வைக்கிறது. சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் நாங்கள் என்று நினைப்பு, இங்கே பார்த்தால் 1886-லேயே விசுவாசத்தை விடமாட்டோம் என்று நின்று நமுகோங்கோவில் உயிரோடு எரிக்கப்பட்டவர்களின் மண், அவர்கள் நினைவாக ஜூன் 3 நாடு முழுக்க விடுமுறை. இவர்களுக்கு நாம் என்ன சொல்லித்தரப் போகிறோம்?

வீடுகளுக்குப் போனால் பெண்கள் மண்டியிட்டு வரவேற்கிறார்கள். பகாண்டா மக்களின் மரியாதை வழக்கம், சரி, ஆனாலும் என் அம்மா வயதுள்ள ஒருவர் அப்படிச் செய்தபோது எனக்கு உட்காரவே முடியவில்லை. இது பழகவும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

சாப்பாடு மதோக்கே. வாழைக்காயை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து மசித்தது, மேலே நிலக்கடலைக் குழம்பு. காரம் என்ற பேச்சே இல்லை! வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலுக்கு ஸ்தோத்திரம்.

அப்புறம் ஆராதனை. மணிக்கணக்கில் பாட்டும் ஆட்டமுமாகப் போய், முடிந்ததும் காணிக்கையாக வந்த கோழி, முட்டை, வாழைத்தார் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. திருநெல்வேலிப் பக்கம் ஸ்தோத்திரப் பண்டிகையில் நடக்கிற அதே ஏலம், அதே கூச்சல்! கூட வந்த சென்னைக்காரர்கள் முழிக்க, நான் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி ஒரு சேவலை எடுத்துவிட்டேன். விடுதியில் சமைத்துத் தருவார்களா என்று கேட்க வேண்டும்.