அந்த மாத்திரை ஏற்கெனவே வேறொருவருடையது

கீழ்ப்பாக்கத்தில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். நுரையீரலைத் தாக்கும் புது வைரஸ் ஒன்று கிளம்பினால், அதற்கென்றே ஒரு மருந்து வர ஆண்டுக்கணக்கில் ஆகும். நோயாளி அதுவரை காத்திருக்க முடியாது. அதனால் மருத்துவர்கள் முதலில் கை வைப்பது எங்கள் அலமாரியில் இருக்கும் மாத்திரைகளில்தான். மலேரியாவுக்கு வந்தது, மூட்டுவாதத்துக்கு வந்தது, ஒட்டுண்ணிகளுக்கு வந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து, இந்தக் காய்ச்சலுக்கும் கேட்குமா என்று பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். அளவும் பக்கவிளைவும் தெரிந்த, விலை மலிந்த மருந்தைச் சோதிக்காமல் விடுவது பெரும் தவறு. ஆனால் கவுண்டரில் நின்று 2020, 2021 இரண்டையும் கடந்தவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. அந்த மாத்திரைகளை நம்பி ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

2020 மார்ச்சில், கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களும் நோயாளிகளின் வீட்டில் இருப்பவர்களும் முன்தடுப்பாக, மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அறிவித்தது. அதன் பிறகு கடையில் தொலைபேசி ஓயவில்லை. எந்த நோயும் இல்லாதவர்கள் அட்டை அட்டையாகக் கேட்டார்கள். மொத்த விற்பனையாளர்களிடம் சரக்கு வற்றியது. மத்திய அரசு அதை எச்1 பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மருத்துவரின் சீட்டு வேண்டும். நோயாளி பெயரும் மருத்துவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். நல்ல முடிவு, ஆனால் அதற்குள் அலமாரி காலியாகிவிட்டது.

ஓட்டேரியிலிருந்து மாதம் தவறாமல் வரும் ஓர் அம்மா அந்த ஊரடங்கில் நடந்தே வந்தார். மகளுக்கு லூபஸ், உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய சீட்டையும், எல்லாக் குழிகளும் காலியான ஓர் அட்டையையும் கவுண்டரில் வைத்தார். “தம்பி, இது என் பெண் வருடக்கணக்காகச் சாப்பிடுகிற மாத்திரை. நல்லா இருக்கிறவர்கள் எதற்கு இதை வாங்கிப் போகிறார்கள்?” என்று கேட்டார். லூபஸில் இந்த மாத்திரை நின்றால் நோய் மீண்டும் சீறும். சிறுநீரகம் வரை பாதிக்கலாம். அயனாவரத்தில் கடை வைத்திருக்கும் நண்பரிடம் கெஞ்சி ஓர் அட்டை வாங்கிக் கொடுத்தேன். பிரிட்டனில் கொரோனாவுக்கான மருந்துகளைச் சோதித்த ரெகவரி என்ற பெரிய ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இந்த மருந்தால் பயனில்லை என்று அறிவித்தது அந்த ஜூனில்தான்.

அதே ஆய்வு அதே மாதத்தில் இன்னொரு பழைய மருந்தைத் தூக்கி நிறுத்தியது. டெக்சாமெத்தசோன், 1957-இல் உருவாக்கப்பட்ட ஸ்டீராய்டு, அதாவது உடலின் எதிர்ப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து. ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாட்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் செய்தியைப் படித்த அன்று, அந்த மாத்திரை இருந்த இழுப்பறையை எழுந்து போய்த் திறந்து பார்த்தேன். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது.

அந்த முடிவின் மறுபாதியைப் பலர் படிக்கவில்லை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் நன்மை இல்லை. கெடுதல் செய்யும் வாய்ப்பும் உண்டு. காரணம் எளியது. முதல் சில நாட்களில் வைரஸ் பெருகுகிறது. அப்போது உடலின் எதிர்ப்பை அடக்கினால் வைரஸுக்கு வழி திறந்துவிட்டதாக ஆகும். நோய் முற்றிய பிறகோ, நெருப்பணைக்க வந்தவர்களே வீட்டை இடிப்பதுபோல, அந்த எதிர்ப்பின் வீக்கமே நுரையீரலைச் சிதைக்கிறது. ஸ்டீராய்டுக்கு வேலை அங்கேதான்.

2021 மே மாதத்தில் ஓர் இளைஞர் கைபேசியில் யாரோ அனுப்பிய சீட்டின் படத்தைக் காட்டி, தந்தைக்கு டெக்சாமெத்தசோன் கேட்டார். காய்ச்சல் வந்து இரண்டாவது நாள், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 98 சதவீதம், சர்க்கரை நோயாளி. அந்த மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடலில்தான் அந்தக் கோடையில் கரும்பூஞ்சை புகுந்தது. தர மறுத்தேன். “சின்ன மாத்திரைதானே அண்ணா, பழைய மருந்துதானே” என்று கோபப்பட்டார். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.

ஒட்டுண்ணிகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டினுக்கும் இதே கதை. ஆய்வகத்தில் செல்களின் மேல் வைரஸை அடக்கியது உண்மை. ஆனால் அந்தச் செறிவு வழக்கமான அளவு மாத்திரையால் மனித ரத்தத்தில் எட்ட முடியாதது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாபும் பாரிசிடினிபும் தீவிரக் கொரோனாவில் உயிர் காத்தன. எனவே இந்தத் தேடல் தொடர வேண்டும் என்றே மனதார விரும்புகிறேன். அடுத்த முறை ஒரு பழைய மருந்தின் பெயரை அறிவிக்கும் நாளிலேயே, அதை மாதாமாதம் வாங்குபவர்களுக்கான சரக்கை அரசு ஒதுக்கி வைக்க வேண்டும். அவர்கள் யார், எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது ஒவ்வொரு கடையின் பில்லிலும் இருக்கிறது. கேட்டால் நாங்கள் அன்று மாலைக்குள் எடுத்துக் கொடுத்துவிடுவோம்.