நேவியில் சேரலாமா மாமா?

அக்கா மகன் போன வாரம் போன் பண்ணி, "மாமா, நேவில சேரலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" என்றான். பதினைந்து வருடம் அந்த உடுப்பைப் போட்டவன் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவான் என்று நினைத்திருப்பான் போல. ஒன்றரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன், அவனும் படிப்பான்.

எந்தப் பிரிவுக்குடா என்று கேட்டேன். "கப்பலுக்கு" என்றான். நானும் அந்த வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். என்ஜின், மின்சாரம், ரேடார், ஆயுதம், சமையல், ஸ்டோர் என்று ஏதாவது ஒரு தொழிலுக்குத்தான் எடுப்பார்கள், அந்தத் தொழிலைத் தண்ணீருக்கு மேல் செய்யணும், அவ்வளவுதான். நான் என்ஜின் ரூம் ஆள். நாற்பது டிகிரிக்கு மேல் சூடு, பக்கத்தில் நிற்பவனிடம்கூடச் சைகையில்தான் பேச்சு, ஜன்னல் என்று ஒன்று கிடையாது. வாரக்கணக்கில் கடலில் இருந்துவிட்டுக் கடலையே சரியாகப் பார்க்காமல் கரைக்கு வந்திருக்கிறேன். விளம்பரத்தில் வருகிற வெள்ளைச் சீருடை பெட்டியில் மடித்துக் கிடக்கும், துறைமுகத்துக்குள் நுழையும்போது எடுத்துப் போடுவோம். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்ன தொழில் தருகிறார்கள் என்று கேள், வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் இருக்கிறதா பார். எத்தனை வருடம் என்பதையும் பார். பிடிக்கவில்லை என்றால் ராஜினாமா கொடுத்துவிட்டு வருகிற வேலை இல்லை இது.

ஓட்டம், தண்டால் எல்லாம் பழகினால் வந்துவிடும். கண் அப்படி இல்லை. என்னோடு வரிசையில் நின்றவன் எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஓடுவான், நீச்சலும் அப்படி. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை விரித்தார்கள். இரண்டாவது பக்கத்திலேயே, "இதில் எண் எங்கே இருக்கிறது சார்?" என்று கேட்டான். தனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது என்பதே அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஏன் இவ்வளவு கறார் என்றால், கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. நடு ராத்திரியில் அந்த இரண்டை வைத்துத்தான் எதிரில் இருப்பது எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்கணும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம்.

குமட்டலைப் பற்றிக் கேட்டான். வரும். எனக்கு முதல் மூன்று நாள் கையில் வாளியோடுதான் வேலை. பிரிட்டனின் நெல்சனுக்கே ஆயுசு முழுக்கக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்தான் கடற்போரில் பெயர் வாங்கினார், அதனால் கவலைப்படாதே என்றேன்.

உண்மையான கஷ்டம் தூக்கம்தான். கப்பலில் ஒரு நாளை நான்கு நான்கு மணி நேரமாக வெட்டி வாட்ச், அதாவது முறைக் காவல், போடுவார்கள். ஆள் போதுமான அளவு இருந்தால் நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்று கணக்கு. அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் பராமரிப்பு, துப்புரவு, பயிற்சி, சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம் வரும், மிச்சம் இருந்தால் தூக்கம். ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்குமான மிடில் வாட்ச் இருக்கிறதே, அதில் பதினொன்றே முக்காலுக்கு முகத்தில் டார்ச் அடித்து எழுப்புவான், நாலு மணிக்கு இறங்கி வந்து படுத்தால் ஆறு மணிக்கு எல்லோருக்கும் பொதுவான எழுப்பு மணி. மாலை நாலிலிருந்து எட்டு வரைக்கும் மட்டும் இரண்டு இரண்டு மணி நேரமாக உடைத்திருப்பார்கள், அப்படி உடைத்தால் ஒரு நாளைக்கு ஏழு வாட்ச் ஆகிவிடும், ஒரே ஆள் தினமும் அதே நடுராத்திரியில் மாட்ட மாட்டான். பல நூறு வருடப் பழைய தந்திரம், இன்னும் ஓடுகிறது.

தூக்கத்தைப் பற்றி இவ்வளவு புலம்புகிறானே என்று நினைப்பவர்களுக்கு: 2017 ஜூனில் ஜப்பான் கடலோரம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதியது. ராத்திரி ஒன்றரை மணி. நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு படுக்கை அறையில் 35 பேர் இருந்தார்கள், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது, 28 பேர் மேலே வந்தார்கள். இரண்டே மாதத்தில் சிங்கப்பூர் அருகே இன்னொரு அமெரிக்கக் கப்பலும் மோதியது, 10 பேர் இறந்தார்கள். விசாரணையில் சொன்ன காரணங்களில் ஆட்களின் களைப்பும் ஒன்று. நாங்கள் படுக்கிற பங்க்கும் அப்படித்தான், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு, என்னுடையது நடு அடுக்கு. புரண்டு படுத்தால் தோள் மேல் அடுக்கில் இடிக்கும். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு, கண்ணை மூடிக்கொண்டு பங்க்கிலிருந்து ஏணிக்கு எத்தனை காலடி என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

அப்புறம் தீ. வெளியில் இருப்பவர்களுக்குக் கப்பல் என்றால் மூழ்குவதுதான் பயம், எங்களுக்குத் தீதான். ஓடித் தப்பிக்க இடம் இல்லை, தீயணைப்பு வண்டி வராது. 1967இல் ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு ராக்கெட் தானாகச் சீறிக் கிளம்பித் தீப்பிடித்து 134 பேர் இறந்தார்கள். தீயணைப்பில் தேர்ந்த குழு முதல் குண்டு வெடித்ததிலேயே பெரும்பாலும் போய்விட்டது, மிச்சம் இருந்தவர்கள் கிடைத்த குழாயைப் பிடித்துக் கடல்நீரை அடித்தார்கள், ஒருவர் அடித்த நுரையை இன்னொருவர் அடித்த தண்ணீர் கழுவிக்கொண்டு போனது. கப்பலின் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை எங்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அதனால்தான் சமையல்காரனாக இருந்தாலும் கணக்கு எழுதுபவனாக இருந்தாலும் தீயணைக்கப் பழகியே ஆகணும். பயிற்சியில் இரும்பு அறைக்குள் நிஜமாகவே தீ மூட்டி, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு உள்ளே அனுப்புவார்கள். கையைக் கண்ணுக்கு முன்னால் வைத்தால் கை தெரியாது. புறங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே போகணும், மின்கம்பி ஏதாவது அறுந்து கிடந்தால் உள்ளங்கை அதைப் பிடித்துக்கொண்டுவிடும் என்பதால். ரிடையர் ஆன பிறகும் கரண்ட் போனால் நான் வீட்டுச் சுவரைப் புறங்கையால்தான் தடவுகிறேன், மனைவி சிரிப்பாள்.

மற்றபடி பாதி நாள் துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பதுதான். சுரண்டி முடித்த இடத்திலேயே மறுபடி துரு வரும், மறுபடி சுரண்டுவோம்.

போன் இருக்குமா மாமா என்று கேட்டான். இருக்கும், ஆனால் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாத நேரத்தில் எல்லாத் தொடர்பையும் அடைத்துவிடுவார்கள், எத்தனை நாளைக்கு என்று சொல்ல மாட்டார்கள். என் மகள் பிறந்த செய்தி எனக்கு நான்காவது நாள் வந்தது. அதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை, விதி அது. ஆனால் ஐந்து மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, நான் இல்லாமலேயே ஓடப் பழகியிருந்தது வீடு. உப்பு டப்பா எங்கே என்று கேட்டுத்தான் எடுத்தேன். அன்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு எழுந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு ஹாலில் நின்றிருக்கிறேன், எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டபோதுதான் முழிப்பு வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் பதினைந்து வருடம் இருந்தீர்கள் என்றான். நியாயமான கேள்வி. சம்பளம் செலவாகாமல் சேர்ந்தது ஒரு காரணம், பொய் சொல்ல மாட்டேன். இன்னொன்று, ஒரு நாள் பம்ப் ஓடுகிற சத்தத்தில் ஏதோ இடறியது, ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங்கில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன், நிறுத்தச் சொன்னேன். மீட்டர் எல்லாம் சரியாகத்தான் காட்டியது. திறந்து பார்த்தால் பேரிங் தூளாகிற நிலைமை. என் சீஃப் ஒன்றும் சொல்லவில்லை, தன் தேநீரில் பாதியை என் டம்ளரில் ஊற்றினார். அந்தப் பாதி டம்ளருக்காக நான் இன்னும் நான்கு வருடம் இருந்தேன் என்று சொன்னால் அக்காவுக்குப் புரியாது, அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

விண்ணப்பம் போடும் முன் கண்ணை நீயே போய்ப் பரிசோதித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் போகிறானாம். என்ஜின் ரூம் வேண்டாமாம், ரேடார் வேண்டுமாம், அங்கே ஏசி இருக்குமே என்கிறான். இருக்கும்தான், ஆளுக்காக இல்லை, மெஷினுக்காக.