எங்கட பாதர்மாரின் ஊர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஓர்லியன்சில் வேலை கிடைத்தபோது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "அது எங்கட பாதர்மாரின்ர ஊர்தானே!" இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மட்டக்களப்புக்கு வந்த அமெரிக்க யேசு சபைத் துறவிகள் இந்தப் பக்கத்து ஆட்கள். புனித மிக்கேல் கல்லூரிக்குப் பாஸ்கெட்போல் பைத்தியம் பிடித்தது அவர்களால்தான். அவர்களில் ஒருவரான யூஜின் ஹேபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ்ப் பையனோடு காணாமல் போனார். அம்மா இன்றும் அவருக்காகச் செபமாலை சொல்லுகிறவர்.

ஆகவே செயின்ட் சார்ள்ஸ் வீதியில் ட்ராம் ஏறி, யேசு சபையின் லொயோலா பல்கலைக்கழகத்தைப் பார்த்தபோது தெரிந்தவர் வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது. ஞாயிறு பூசைக்கும் அங்கேயே போகத் தொடங்கினேன்.

பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போதுதான் அந்தக் கறுப்பினப் பெண்மணி பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "என் பாட்டன்மாரை விற்றதே இந்தச் சபைதான்."

1838இல், யேசு சபை நடத்திய வாஷிங்டன் ஜோர்ஜ்டவுன் கல்லூரி கடனில் மூழ்கியிருந்தது. மேரிலாந்துப் பண்ணைகளில் சபைக்குச் சொந்தமாயிருந்த 272 அடிமைகளை 1,15,000 டொலருக்கு லூசியானாத் தோட்டக்காரருக்கு விற்க, சபையின் அந்தப் பகுதித் தலைவர் தோமஸ் முலெடி கையெழுத்திட்டார். பட்டியலில் முதல் பெயர் ஐசாக். அவருடைய பேரன் கொர்னீலியஸ் ஹோக்கின்சுக்கு அப்போது 13 வயது. மாரங்குவான் என்ற சிற்றூரின் கத்தோலிக்கச் சேமக்காலையில் கொர்னீலியசின் கல்லறை இருக்கிறது. அந்தப் பெண்மணிதான் கூட்டிப்போய்க் காட்டினார். சுற்றிலும் கரும்புக்காடு. விற்றவர்களின் வேதத்தை விடாமல் பிடித்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. எனக்கென்றால் இதுதான் விளங்கவேயில்லை. அவரிடம் கேட்டேன். "வேதம் அவங்கட சொத்தா?" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

2017இல் சபை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. முலெடி பெயரிலிருந்த ஜோர்ஜ்டவுன் கட்டடத்துக்கு ஐசாக் ஹோக்கின்ஸ் பெயரை வைத்தார்கள். 2021இல், விற்கப்பட்டவர்களின் சந்ததியாருக்காக 10 கோடி டொலர் திரட்டித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார்கள். பெயர்ப்பலகை மாற்றுவது லேசு, காசுதான் ஆமை வேகம் என்பது என் அபிப்பிராயம்.

சந்ததியாருக்கு ஜோர்ஜ்டவுன் அனுமதியில், பழைய மாணவரின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அதே கவனிப்பு உண்டாம். பெண்மணியின் பேரன் அடுத்த வருடம் விண்ணப்பிக்கிறான். இடம் கிடைத்தாலும் ஃபீஸ் யார் கட்டுவது என்று இப்போதே கணக்குப் பார்க்கிறார்.