கழித்த மல்லாட்டை எங்கே போகிறது?

ஏற்றுமதிக்குப் போகிற மல்லாட்டைப் பருப்பை, அதாவது நிலக்கடலைப் பருப்பை, சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை என்று சொன்னதும் யாரும் முதலில் கேட்பது, "அப்ப நல்லதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் எனக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் வருகிற கேள்வி வேறு. சோதனையில் தேறாமல் போன லாட், அதாவது சரக்குத் தொகுதி, இருக்கிறதே, அது என்ன ஆகிறது?

தேறாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அஃப்ளாடாக்சின்தான். அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சணம் உண்டாக்குகிற நஞ்சு. பழைய ரொட்டியில் பூக்கிற பச்சைப் பூசணத்தின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்று புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பேர் வைத்தார்கள். கடைசியில் பிடிபட்டது நோயில்லை, தீவனம். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு. நஞ்சைப் பிரித்தெடுத்து புறஊதா விளக்கில் காட்டினார்கள். ஒரு பகுதி நீலமாக ஒளிர்ந்தது, ஒரு பகுதி பச்சையாக. பி1, ஜி1 என்று இன்றைக்கும் ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதுகிற எழுத்துகள் அந்த நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகள்தான். அதில் மோசமானது பி1.

பயிர் நோய்க்காரர்களுக்கு இது ஒரு விசித்திரமான எதிரி. டிக்கா இலைப்புள்ளியோ துருவோ வந்தால் வயலே காட்டிக்கொடுத்துவிடும், தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். இது அப்படியில்லை. செடி நன்றாகத்தான் இருக்கும், காய் நன்றாகத்தான் இருக்கும். பூஞ்சணம் மண்ணிலேயே குடியிருக்கிறது. காய் முற்றுகிற கடைசி மாதத்தில் மழை ஏமாற்றி, மண் காய்ந்து சூடேறினால், பருப்புக்குள் ஈரம் குறைகிறது. ஈரம் இருக்கிறவரை பருப்பு தானே சில எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கிப் பூஞ்சணத்தைத் தள்ளி வைக்கும். ஈரம் குறைந்ததும் அந்தச் சக்தி போய்விடுகிறது. கறையானோ புழுவோ ஓட்டில் ஒரு துளை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, மானாவாரிக்காரன் பாவம். ஒரு தண்ணி கட்டக் கிணறு இல்லாதவனுடைய கடலையில்தான் நஞ்சு அதிகம் ஏறுகிறது.

எங்கள் சித்தப்பாவுக்குத் திண்டிவனம் பக்கம் மானாவாரி நிலம்தான். ஜிப்சம் போட்டு மண் அணைப்பார். ஏக்கருக்கு 160 கிலோ என்பது பரிந்துரை, அவர் கையில் காசு இருக்கிற அளவுக்குப் போடுவார். சுண்ணாம்புச் சத்து ஓட்டைக் கெட்டியாக்கும், அதனால் இந்த விஷயத்திலும் கொஞ்சம் உதவும். மற்றபடி வானம் பார்த்த கதை.

வயலில் தப்பித்தது களத்தில் மாட்டும். பிடுங்கின காயில் பாதிக்குப் பாதி ஈரம். அது எட்டு சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் பூஞ்சணம் வளராது. செடியைக் காய் மேலே பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டு உலர்த்தலாம். ஆனால் ஆள் கிடைக்கிற அன்றைக்குத்தான் காய் ஆய முடியும். அதுவரை அம்பாரமாகக் குவித்து வைத்தால் உள்ளே புழுங்கும். கடலை ஆயப் பெண்கள் வந்து உட்கார்ந்து கொடியை உதறும்போது குவியலின் அடியிலிருந்து வருகிற அந்தப் புழுங்கல் வாசனையைச் சின்ன வயதில் நான் மண் வாசனை என்றுதான் நினைத்திருந்தேன்.

இதற்குப் பிறகு நடப்பதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காயைச் சுத்தமாகக் காயவைத்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வருகிற பதத்துக்குக் கொண்டுவந்து, உடைக்கிற மெஷினில் போடுவதற்கு முன்னால் அதன் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். காய்ந்தபடியே போட்டால் பருப்பு இரண்டாக உடைந்துவிடும். உடைந்த பருப்புக்கு விலை இல்லை. தண்ணீர் பட்ட ஓடு நெகிழ்ந்து கொடுக்கும், பருப்பு முழுசாக விழும், எடையும் கொஞ்சம் கூடும். அப்படியே மூட்டை பிடித்துத் தைத்துவிடுவார்கள்.

"ஏன் சித்தப்பா, காய வெச்சதெல்லாம் வீணாப் போவுதே?"

"இன்னாம்மா பேசற. தெளிக்காம போட்டா பாதி ஒடையும். ஒடைஞ்சதப் பாத்தா ஏவாரி மூட்டைக்கு எவ்ளோ கழிப்பான் தெரியுமா? பூஞ்சணத்துக்கு ஒரு ரூபா கழிச்சானா இதுவரைக்கும்?"

கழித்ததில்லைதான். வியாபாரி பார்ப்பது பருப்பின் திரட்சி, நிறம், உடைப்பு, ஈரம். ஒரு பருப்பைப் பல்லில் கடித்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார்கள், எங்கள் மெஷினுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி. அஃப்ளாடாக்சினைக் கடித்துச் சொல்ல முடியாது. அதற்கு நிறமில்லை, ருசியில்லை. கண்ணுக்குத் தெரியாத குணத்துக்குச் சந்தையில் விலை கிடையாது, விலை இல்லாத குணத்துக்கு விவசாயி கூலி கொடுக்க மாட்டான். வேளாண் பொருளாதாரத்தில் பக்கம் பக்கமாக எழுதுவதை சித்தப்பா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

கண்ணுக்கு மட்டுமா தெரியாது, எங்களுக்கே லேசில் அகப்படாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படியே தின்கிற கடலைக்கு வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 20 டன் கண்டெய்னர் முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 80 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அதுவும் சீராகக் கலந்து இருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பு சுத்தமாக இருக்கும், ஒரே ஒரு பருப்பில் நஞ்சு குவிந்திருக்கும். ஒரு கிராம் பருப்பில் ஒரு மில்லிகிராம் நஞ்சுகூட அளந்திருக்கிறார்கள். அப்படி அரை கிராம் எடையுள்ள ஒரே பருப்பு 10 கிலோ மாதிரிக்குள் விழுந்தால், மற்றது எல்லாம் தங்கமாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் 50 வரும். விழாவிட்டால் பூஜ்யம். அதனால்தான் பெரிய லாட் என்றால் நூறு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 20 கிலோ சேர்க்கச் சொல்கிறது விதி. அத்தனையையும் அரைத்துக் குழம்பாக்கி, அதில் ஒரு பங்கை மெத்தனாலில் கலக்கி, வடிகட்டி, அதிலிருந்து சில துளி எச்பிஎல்சி என்ற பிரித்து அளக்கும் கருவிக்குள் போகும். "போன வாரம் பாஸ் ஆன லாட், இந்த வாரம் எப்படி மேடம் ஃபெயில்?" என்று ஃபோனில் கத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனேன்.

இங்கேதான் என்ஜினீயர்கள் வருகிறார்கள், சும்மா சொல்லக்கூடாது, அற்புதமான வேலை செய்திருக்கிறார்கள். பருப்பை லேசாகச் சூடாக்கித் தோல் உரித்தால் நிறம் மாறியவை பளிச்சென்று தெரியும். அவை கலர் சார்ட்டர் மெஷினின் கேமரா முன்னால் அருவி மாதிரி விழும். ஒன்று மட்டும் பழுப்பாக இருந்தால் அது கீழே போய்ச் சேர்வதற்குள் ஒரு காற்றுக்குழாய் 'டிக்' என்று அதை மட்டும் ஊதித் தள்ளும். ஒரு மில்லில் அதன் பக்கத்திலேயே நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். டிக், டிக்டிக், டிக். நல்லது முன்வாயிலில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பழுப்பும் மஞ்சளும் சுருங்கலுமாக மற்றது சேர்ந்துகொண்டிருந்தது.

"இத என்னண்ணே பண்ணுவீங்க?"

"எண்ணெய்க்குப் போயிரும் மேடம்."

வெகு சாதாரணமாகச் சொன்னார். சட்டப்படி தப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்லவும் முடியாது. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கோடு தங்கிவிடும். எண்ணெயில் இறங்குகிற மிச்சமும் ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது போய்விடும். சுத்திகரிக்காத எண்ணெயில் அந்த மிச்சம் மிச்சமாகவே இருக்கும். செக்கு எண்ணெய் என்றாலே அமிர்தம் என்று நினைக்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். செக்கில் குற்றமில்லை, அதில் போடுகிற பருப்பைப் பொறுத்தது. நல்ல பருப்பாகப் பொறுக்கி ஆட்டுகிறவர்களிடம் நானே வாங்குகிறேன்.

சரி, பிண்ணாக்கு? மாட்டுக்கு. மாடு தின்ற பி1-இல் ஒரு சிறு பங்கு அதன் ஈரலில் எம்1 என்ற இன்னொரு நஞ்சாக மாறி, தின்ற மறுநாளே பாலில் தெரியும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 368இல் எம்1 வரம்புக்கு மேல். அதில் எண்ணிக்கையில் எந்த மாநிலம் முதலில் என்று பார்த்தால் நம் தமிழ்நாடுதான், 551க்கு 88. யூரியா, சோப்புத்தூள் கலப்படம் என்று வாட்ஸப்பில் பதறுகிற நாம் இந்த எண்ணைப் பேசிக் கேட்டதில்லை. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. கடலையை வறுத்தாலும் கொஞ்சம் குறையுமே ஒழிய ஒழியாது.

மருத்துவர்கள் பக்கம் வருகிறேன். நிறைய நஞ்சு ஒரேயடியாக உள்ளே போனால் ஈரல் செயலிழந்து சாவு. 1974இல் ராஜஸ்தான்-குஜராத் எல்லையில் பில் பழங்குடி கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலை கண்டு இறந்தார்கள். அதே சோளம் தின்ற நாய்களும் செத்தன. 2004இல் கென்யாவில் 125 பேர். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் போனால் ஈரல் புற்றுநோய். ஷாங்காயில் 18,244 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. சிறுநீரில் அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து மூன்று மடங்குக்குச் சற்று மேல், ஹெபடைட்டிஸ் பி என்ற மஞ்சள் காமாலைக் கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்குப் பத்து அல்ல, ஏறக்குறைய அறுபது. அதனால் கடலை விவசாயியின் குழந்தைக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போடுகிற நர்ஸும் என் துறை ஆள்தான் என்பேன்.

அதே சீனாவில் சீடோங் என்ற பகுதி ஈரல் புற்றுநோய்க்குப் பேர்போனது. அங்கே மக்காச்சோளம்தான் சாப்பாடு. 1980களில் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் மக்கள் சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். ரத்தத்தில் நஞ்சின் தடயம் சரிந்து, 2009 வாக்கில் பாதிப் பேருக்கு மேல் அளக்கவே முடியாத அளவுக்குப் போனது. தடுப்பூசி போட்ட தலைமுறை வளர்வதற்கு முன்பே, முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தவர்களிடம் ஈரல் புற்றுநோய்ச் சாவு பாதிக்கும் மேல் குறைந்தது. யாரும் புற்றுநோய்க்காக அரிசி வாங்கவில்லை. வாங்க முடிந்தது, வாங்கினார்கள்.

பொருளாதாரக்காரர்கள் இதில் சண்டையும் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பியக் கடுமையான வரம்பு நூறு கோடிப் பேரில் வருஷத்துக்கு 1.4 உயிரைக் காப்பாற்றும், அதற்கு ஆப்பிரிக்கா 67 கோடி டாலர் ஏற்றுமதியை இழக்கும் என்று 2001இல் உலக வங்கி ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரிய பரபரப்பு. பத்து வருஷம் கழித்து வேறு இருவர் நடந்த வர்த்தகத்தை எடுத்துப் பார்த்து, ஆப்பிரிக்கக் கடலைக்கு அந்த விதியால் பெரிய அடி விழுந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் ஒரே குறை. கப்பல் ஏறினதையும் ஏறாமல் நின்றதையும் எண்ணுகிறார்கள். ஏறாமல் நின்றதை அப்புறம் யார் தின்றார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

உருப்படியான வேலைகளும் நடக்கின்றன. நஞ்சு உண்டாக்கத் தெரியாத அதே பூஞ்சண வகையைச் சோளத்தில் ஏற்றி வயலில் தூவினால், அது கெட்டதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் பருத்திக்குத் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் 'அஃப்ளாசேஃப்' என்ற பேரில் விற்கிறது. ஐதராபாத் பக்கத்தில் பட்டஞ்சேருவில் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மலிவான சோதனை முறை உருவாக்கியது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது மேற்கு ஆப்பிரிக்க கினியாவில் 20 கிராமங்களில் 600 பேரோடு செய்த ஆய்வு. மெஷினே கிடையாது. கெட்ட கடலையைக் கையால் பொறுக்குவது, தரையில் கொட்டாமல் பாயில் காயவைப்பது, சாக்குப்பையில் கட்டி மரப்பலகை மேல் அடுக்குவது, பூச்சிமருந்து தூவுவது. ஐந்து மாதம் கழித்து அந்த மக்களின் ரத்தத்தில் அளந்தார்கள். நஞ்சின் தடயம் மற்ற கிராமங்களைவிடப் பாதிக்கும் கீழே. அங்கே கடலையை விளைவித்தவர்களே தின்கிறவர்கள், அதனால் பொறுக்குகிற கைக்கே பலனும் வந்தது.

இந்தக் கதையை சித்தப்பாவிடம் சொல்லி, இரண்டு தார்ப்பாயும் வாங்கிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அறுவடை முடிந்து போய்ப் பார்த்தபோது தார்ப்பாயில் அழகாகப் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சித்தி உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது வூட்டுக்கும் வெதைக்கும்," என்றார் சித்தப்பா. "விக்கறதுக்குக் கமிட்டிக்குப் போறது அந்தாண்ட கெடக்குது, சாயங்காலம் தண்ணி தெளிச்சி மெஷின்ல போட்டுடுவோம். ஒன் ஆபீஸ்ல யாராச்சும் கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடக் குடுப்பாங்கன்னா சொல்லு, எல்லாத்தையும் தார்ப்பாய்ல போடறேன்."

பொறுக்கிப் போட்ட சொத்தையை என்ன செய்யப்போகிறீர்கள் என்று சித்தியிடம் கேட்டேன். மாடு சும்மாதானே கட்டிக் கிடக்கிறது என்றார்.