ஓடுகிறவர்களின் ஊரில் ஒரு மாதம்

2024 அக்டோபர் 1, லாகோஸ்
நைஜீரியாவுக்கு இன்று 64ஆவது சுதந்திர தினம். எங்கள் கிடங்கில் கணக்குப் பார்க்கும் பெண்மணியின் வீட்டில் விருந்து. ஜொலோஃப் சோறு, வறுத்த வாழைப்பழம், காரமான கோழி. பேச்சு மட்டும் ஒன்றுதான்: ஜப்பா. யொரூபாவில் ஓட்டம் பிடிப்பது என்று பொருள். இப்போது நாட்டை விட்டுப் போவதற்கே அதுதான் பெயர்.

அவருடைய தங்கை நர்ஸ். இங்கிலாந்துக்கு விசா வந்துவிட்டது, கணவரும் கூடப் போகிறார். "பள்ளியில் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில், ஆட்சிமொழியும் அதுதான். அப்படியும் எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று பரீட்சை வைத்தார்கள்" என்றார். கோபம் இங்கிலாந்துக்காரர்கள் மேல் மட்டுமில்லை. இந்த மார்ச் முதல், இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்தால்தான் வெளிநாட்டுக்குச் சான்று அனுப்புவோம் என்று நைஜீரியாவின் நர்சிங் கவுன்சில் விதி போட்டிருக்கிறது. "சம்பளத்தைக் கூட்ட மாட்டார்கள், கதவைப் பூட்டுவார்கள்."

அக்காவும் அங்கே முதுகலை படிக்க ஆசைப்பட்டவர்தான். பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று ஜனவரியில் விதி மாறியது. அதற்கு முன்பே, 2023 ஜூனில் நைரா சரிந்ததில் சேர்த்த பணம் கரைந்திருந்தது. டாலருக்கு 460 நைராவாக இருந்தது, இப்போது 1,600ஐத் தாண்டிவிட்டது.

அக்டோபர் 9
பெட்ரோல் லிட்டர் 998 நைரா! போன வருடம் மே மாதம் மானியம் போகும்வரை 200கூட இல்லை. குறைந்தபட்ச ஊதியம் 70,000. மாதம் முழுக்க உழைத்தால் எழுபது லிட்டர்.

டிரைவருக்கு ஜப்பா என்றாலே ஆகாது. "எல்லாரும் ஓடிவிட்டால் என் அம்மாவுக்கு ஊசி யார் போடுவது, ஓகா?" என்றார். ஓகா என்றால் முதலாளி. அப்புறம் மூன்றாம் மெயின்லேண்ட் பாலத்து நெரிசலில் திடீரென்று, "நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்றார். சம்பளம் டாலரில் என்று எப்படிச் சொல்வது? ஊர் சுற்றப் பிடிக்கும் என்று ஏதோ உளறினேன்.

அக்டோபர் 14
மாலையில் தேசிய மின் கட்டமைப்பே விழுந்துவிட்டது. தெரு முழுக்க ஜெனரேட்டர் புகை. கரண்ட் வந்தால் பிள்ளைகள் "அப் நெப்பா!" என்று கத்துவார்கள். நெப்பா என்ற மின்வாரியம் இல்லாமல் போய் வருடக்கணக்காகிறது. கூச்சல் மட்டும் மிச்சம். இன்று தூங்கும்வரை அதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 20
நர்ஸ் வீட்டில் எல்லாம் விற்பனைக்கு. ஃப்ரிட்ஜ், கட்டில், திருமணத்துக்கு வந்த பாத்திரங்கள். 2020இல் இதே நாள் லாகோஸின் லெக்கி சுங்கச்சாவடியில், போலீஸ் அராஜகத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்தவர்கள் மேல் ராணுவம் சுட்டது. அன்றிரவே கணவர் போவதென்று முடிவெடுத்தாராம். நான்கு வருடம் பிடித்திருக்கிறது.

சின்ன ஜெனரேட்டரை நான் வாங்கிக்கொண்டேன். இங்கே அதற்குச் செல்லப்பெயர், 'பக்கத்து வீட்டுக்காரனை விட நான் மேல்'. அவர் பேரம் பேசவில்லை.

"ஆகஸ்டில்தான் பிளக் மாற்றினேன். முதல் இரண்டு இழுப்புக்குப் பிடிக்காது, மூன்றாவதுக்குப் பிடித்துக்கொள்ளும்" என்றார்.