எச்சம் ஊட்டும் பவளம்: கூசன் தீவில் ஒரு காலை

இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸ் செல்பவர்கள் படகுக் கூலியைக் கரையிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராலின் தீவிலிருந்து கூசனுக்கு எங்களை ஏற்றிக்கொண்ட படகுக்காரர், ஜூலை மாதத் தென்கிழக்குக் காற்றில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது நடுவழியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, எரிபொருள் விலை ஏறிவிட்டதாகக் கூறிப் பேசிய தொகையில் பாதியை மேலும் கேட்டார். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. வேறு வழியின்றிக் கொடுத்தேன்.

கூசன் தீவை நெருங்கியதும் அந்தப் படகு கரையைத் தொட அனுமதி இல்லை என்றார்கள். தீவின் காவலர்கள் தங்கள் சொந்தப் படகில் வந்து எங்களை மாற்றி ஏற்றினார்கள். வெளிப்படகில் பதுங்கி ஓர் எலி இறங்கிவிட்டால்கூட தீவுப் பறவைகளின் முட்டைகளும் குஞ்சுகளும் தப்பாது என்பதே காரணம். தென்னந்தோப்பாக இருந்த இத்தீவை, முப்பதுக்கும் குறைவாக எஞ்சியிருந்த சீஷெல்ஸ் கதிர்க்குருவியைக் காப்பதற்காகவே 1968இல் பறவைப் பாதுகாப்பு அமைப்பினர் வாங்கினார்கள். இன்று அங்கே பழைய காடு திரும்பியிருக்கிறது.

காட்டுக்குள் நுழைந்ததும் படகுக்காரரை மறந்துவிட்டேன். என் தோள் உயரத்தில் இருந்த கிளையின் சிறு பள்ளத்தில், கூடு என்று ஒரு சுள்ளிகூட இல்லாமல், வெள்ளை ஆலா என்னும் கடற்பறவை ஒன்று ஒரே முட்டையின் மேல் அமர்ந்திருந்தது. கைநீட்டும் தூரத்தில் நான் நின்றும் அசையவில்லை. இலை, பாறை, என் தொப்பி எல்லாவற்றின் மேலும் எச்சம் வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த நெடியைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும், ஏனெனில் கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறைக்கு அதுவே உரம். தொலைவான ஆழ்கடலில் மீனும் கணவாயும் தின்றுவிட்டு வரும் பறவைகள் இடும் எச்சத்திலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் மழையோடு கரைந்து கடலில் இறங்க, பாசியும் மீனும் பவளமும் அதைப் பெற்றுக்கொள்கின்றன.

இதே இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில், எலி உள்ள ஆறு தீவுகளையும் எலி இல்லாத ஆறு தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு, நிலத்தில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு, அருகிலுள்ள பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம். பாறையைச் சுரண்டித் தின்னும் கிளிமீன்கள் பெருகினால், புதிய பவளம் ஒட்டுவதற்கு இடம் கிடைக்கிறது.

நிலத்திலிருந்து வரும் எல்லாச் சத்தும் இப்படி நன்மை செய்வதில்லை. வயல் உரமும் சாக்கடையும் நைட்ரஜனை மிகுதியாகக் கொட்டும்போது பாஸ்பரசோடு உள்ள விகிதம் குலைந்து, பவளம் வெப்பத்தில் தன்னுள் வாழும் பாசியை இழந்து எளிதாக வெளுத்துவிடுகிறது. கூடவே வரும் சேறு ஒளியை மறைக்கிறது. எச்சத்தில் இரண்டு சத்துகளும் சேர்ந்தே வருகின்றன.

ஆனால் கடல் சூடேறினால் எச்சம் மட்டும் காப்பாற்றாது. 1998இல் கடல் சூடேறியபோது கூசன் உள்ளிட்ட சீஷெல்ஸின் உள்தீவுகள் உயிருள்ள பவளத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் இழந்தன. பிற்பகலில் பிராலினை ஒட்டிய சென் பியேர் திட்டருகே முகமூடி அணிந்து மூழ்கியபோது, பாசி படர்ந்த ஒடிந்த கிளைகளே கீழே குவிந்து கிடந்தன; அவற்றின் நடுவே ஒரு கிளிமீன் பாறையைச் சுரண்டும் ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்டது.

கூசனின் நுழைவுக் கட்டணம் என் செலவுத் திட்டத்துக்குப் பெரிய தொகைதான். அதை மனமுவந்து கொடுத்தேன். படகுக்காரருக்குக் கொடுத்த கூடுதல் பணம்தான் இன்னும் உறுத்துகிறது.