ஒரு போல்ட்டுக்கு எதுக்கு இத்தனை காகிதம்?

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துல ஏ.டி.ஆர். விமானம் ஏறுற அண்ணாச்சிமார் பலரும் கேக்குற கேள்வி இது. லாரிப் பட்டறையில பழைய போல்ட்டைக் கையில பிடிச்சுப் பாத்து, அதே மாதிரி ஒண்ணை எடுத்து மாட்டுவோம். விமானத்துல அது கூடவே கூடாது.

1990 ஜூன் 10. பர்மிங்ஹாமிலிருந்து மலாகா போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்துல, 17,300 அடி உயரத்துல கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்ச்சிக்கிட்டுப் போச்சு. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. ஊழியர்கள் அவர் காலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைச்சது பெரிய விசயம்.

காரணம்? அந்தக் கண்ணாடியை மாத்தி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. 90 போல்ட்டுல 84 விட்டம் குறைவு, வெறும் 0.66 மி.மீ. மீதி ஆறும் நீளம் குறைவு. உதிரிபாகப் பட்டியலைப் பார்க்காம, மங்கலான வெளிச்சத்துல பழசோட ஒப்பிட்டு எடுத்திருக்காங்க. சரியான போல்ட்டோட பாக எண் எதுன்னு ஸ்டோர்காரர் சொல்லியும் இருக்கார். கண்ணாடியும் வெளியிலிருந்து பொருத்துற வகை. உள்காற்று அழுத்தம் முழுக்க அந்த போல்ட் மேலதான்.

அதனாலதான் பாகம் கைக்கு வந்ததும் பாக எண், தொகுதி (பேட்ச்) எண், சான்றிதழ் மூணும் ஒத்துப்போகணும். ரப்பர் சீல்னா தயாரிச்ச தேதியும் பாக்கணும், ஆயுள் முடிஞ்சது புதுசா மின்னினாலும் கழிவுதான். சான்றில்லாத சரக்கைத் தனியே பூட்டி வைக்கணும். அலமாரியில கலந்துட்டா ராத்திரி ஷிஃப்ட்டுக்காரர் எடுத்து மாட்டிருவார்.